பால் காப்பி கொடுத்த வீடு

ரப்பர் விலை விழுந்த ஆண்டில், பினாங்குக் கடற்கரைத் தெருவில் நான் கணக்கெழுதிக்கொண்டிருந்த கம்பெனி மூடப்பட்டது. துக்கம் என்று சொல்லத்தக்க எதுவும் அன்று எனக்குள் நிகழவில்லை. மேசையைத் துடைத்தேன், குடையை எடுத்துக்கொண்டு டத்தோ கிராமாட் பகுதியிலிருந்த வீட்டுக்கு நடந்தேன். சில மாதங்களில் கையிருப்பு கரைந்தது. பிறகு மனைவியின் வளையல்களை அடகுக்கடையில் வைத்தேன். கடைக்காரர் கொடுத்ததை இருமுறை எண்ணிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

சென்னையில் பி.ஏ. முடித்துக் கப்பலேறியவன் நான். ஏழைகளுக்கு உதவி செய்வது சமூகத்தின் கடமை என்று கல்லூரி மன்றத்தில் கட்டுரை வாசித்துப் பாராட்டும் பெற்றிருக்கிறேன். உதவி கேட்டு வரிசையில் நிற்பவன் எதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பது அக்கட்டுரையில் இல்லை. நான் எனக்கு முன்னால் நின்றவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது ஊரில் ஒரு நிவாரணக் கமிட்டி இயங்கியது. வேலையிழந்த கூலிகளுக்கு அரிசியும், கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு டின் பாலும் கொடுத்தார்கள். என் போன்ற குமாஸ்தாக்களுக்கு, வேறு வேலை கிடைக்கும்வரை மாதந்தோறும் ஒரு தொகை. ஆனால், கமிட்டியிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து நிலைமையைப் பார்த்து எழுத வேண்டும். மறுக்கப்பட்டவர்களுக்கு ஒரே வழி, நாகப்பட்டினத்துக்கு இலவசக் கப்பல். என் மனைவி பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவள், இந்தியாவைக் கண்டதில்லை. உதவி கிடைத்தால் அவள் பிறந்த ஊரில் இருப்போம், இல்லையேல் கப்பல். எங்கள் முன்னிருந்தது இவ்வளவுதான்.

ஒரே பலகை வீட்டை இரண்டாகத் தடுத்து, மறுபாதியில் ஓர் அக்காவின் குடும்பம் இருந்தது. கடலுக்கு அக்கரையில் பிறை என்ற ஊரில் ரயில்பாதைக் கூலியாக இருந்த அவர் கணவருக்கும் வேலை போயிருந்தது. கமிட்டியின் அரிசியும், குழந்தைக்கான பாலும் அவர்களுக்கு வந்துகொண்டிருந்தன. எங்கள் வீட்டைப் பார்க்க ஆள் வருவதற்கு முந்தைய நாள், அக்கா தடுப்புக்கு அப்பாலிருந்தே, பினாங்குக்காரர்களின் ‘லா’ ஒட்டிய தமிழில் பேசினார்.

"தம்பி, அந்தக் குத்துவிளக்கு, வெண்கலச் சொம்பு எல்லாத்தையும் இந்தப் பக்கம் தள்ளிடுங்க. எங்க வீட்டுக்கு வந்தப்ப நான் தலகாணியக்கூட ஒளிச்சு வச்சேன்."

"பொய் சொல்லி வாங்கினா அது வேற ஒருத்தரோட பங்கு அக்கா."

"ஆமாலா. படிச்சவங்களுக்கு வயிறே வேற மாதிரி."

"விடுலா," என்றது அவர் கணவரின் குரல். "அவரு சத்தியத்தப் பொங்கித் தின்பாரு."

என் மனைவி சிரித்தாள். விளக்கும் சொம்பும் இருந்த இடத்திலேயே இருந்தன.

வந்தவர் நடுவயதைத் தாண்டிய பள்ளி ஆசிரியர், கிறிஸ்தவத் தமிழர். சம்பளமில்லாமல் இந்த வேலையைச் செய்தார். எங்களிடமிருந்த ஒரே நாற்காலியில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, கேட்க வேண்டியதைக் கேட்டார். நான் உள்ளபடி பதில் சொன்னேன். பின்கதவு திறந்து மூடும் ஓசை கேட்டது. சற்றைக்கெல்லாம் என் மனைவி ஒரு டம்ளரில் காப்பி கொண்டுவந்தாள். பால் காப்பி. எங்கள் வீட்டில் பல வாரங்களாகப் பால் கிடையாது.

"வேணாம்மா, இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்," என்றார் ஆசிரியர். என்னைப் பார்த்து, "வேணாம் தம்பி," என்று மறுபடியும் சொன்னார்.

அவர் என்னிடம் எதையோ புரியவைக்க முயன்றார் என்று இப்போது எண்ணுகிறேன். அன்று என் வாயிலிருந்து, வீட்டுக்காரன் சொல்லும் வார்த்தை தானாக வந்தது: "பரவாயில்ல, குடிங்க சார்."

"மொத மொத வந்திருக்கீங்க. வாய் நனைக்காமப் போகக்கூடாது," என்றாள் மனைவி.

அவர் மருந்து குடிப்பதுபோல் குடித்து முடித்தார்.

அன்று மாலை அக்காவே வந்து சொன்னார். "வெறுங்கோப்பி குடுத்தா நம்ம மானம் என்னாகுறது? அதான் புள்ள பாலுல ரெண்டு கரண்டி ஊத்தி விட்டேன்."

இரு வாரம் கழித்துக் கமிட்டி என்னை அழைத்தது. நீண்ட மேசைக்குப் பின்னால் நடுவில் வெள்ளைக்காரத் தலைவரும், பக்கத்தில் ஒரு தமிழ் டாக்டரும், ஓரத்தில் அந்த ஆசிரியரும் இருந்தனர். ஆசிரியரின் அறிக்கையில் ஒன்றும் கூட்டப்படவில்லை, குறைக்கப்படவுமில்லை. வெண்கலச் சாமான்கள் இருந்தன. பால் காப்பி கொடுத்தார்கள். அவரும் உள்ளபடி எழுதுகிறவர். விருந்தினருக்குப் பால் காப்பி கொடுக்கும் வீட்டைவிட, அரிசியில்லாத வீடுகள் முந்தியவை என்றார் தலைவர். என்னிடம் கேட்டிருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன்.

டாக்டருக்கு மனம் ஒப்பவில்லை. தமிழில் என்னைக் கேட்டார்: "தம்பி, அந்தப் பால் உங்க வீட்டுப் பால்தானா? யாராச்சும் குடுத்தாங்களா? சொல்லுங்க."

வழி திறந்திருந்தது. ஆனால் யார் கொடுத்தது என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். நிவாரணப் பொருளை விற்றாலும் பிறருக்குக் கொடுத்தாலும் பெயரை நீக்கிவிடுவார்கள் என்ற விதியை, அரிசி வாங்கும் எல்லோரும் அறிவார்கள். எங்கள் பக்கம் இரண்டு பேர், கப்பல். அந்தப் பக்கம் பால் குடிக்கும் குழந்தை. இதை எடைபோட எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. மனம் மரத்திருந்தது அதற்கு வசதியாகவே இருந்தது.

"எங்க வீட்டுப் பால்தான் சார்," என்றேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆசிரியர் தலைநிமிரவில்லை.

வீட்டில் மனைவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இல்லை என்றார்கள் என்றேன். பால் காப்பியையும் சொன்னேன்.

"யார் பாலுன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"சொன்னீங்களா?"

"இல்ல."

அவள் பொறுக்குவதை நிறுத்தவில்லை. ஒரு கல்லை எடுத்து வாசலில் எறிந்துவிட்டு, "அக்காகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. அது தாங்காது," என்றாள்.

அக்கா வேறுவிதமாகப் புரிந்துகொண்டார். "வெளக்க ஒளிச்சிருந்தா கெடச்சிருக்கும்லா. நான் சொன்னா கேட்டீங்களா? படிச்சவங்கள வச்சிக்கிட்டு என்னதான் பண்றது," என்று தடுப்புக்கு அப்பாலிருந்து ஏசினார்.

"கேட்டிருக்கணும் அக்கா," என்றேன்.

அடுத்த மாதம் கப்பலேறினோம். மேல்தளம் முழுவதும் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள். பாய் விரிக்க இடம் கொடுத்த ஒரு பெண், என் மனைவியிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"நீ எந்த ஊரும்மா?"

"பினாங்கு."

"அது இருக்கட்டும். சொந்த ஊரு எது?"

மனைவி என்னைப் பார்த்தாள். என் தகப்பனார் ஊரின் பெயரைச் சொன்னேன். அவள் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, அதை ஒருமுறை மெதுவாகச் சொன்னாள். பிறகு, அந்த ஊரில் மழை எப்போது பெய்யும் என்று அந்தப் பெண்ணிடமே விசாரிக்கத் தொடங்கினாள்.