தாழ்ப்பாள் இல்லாத குளியலறை

எங்கள் வீட்டில் யாரும் காரணம் கேட்காமல் நான் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள முடிந்த ஒரே இடம் பாத்ரூம். படுக்கையறைக் கதவைச் சாத்தினால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். சமையலறைக்கு நிலை மட்டும்தான், கதவே கிடையாது. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற கதவு பகல் முழுக்கத் திறந்தே கிடக்கும்.

ஏற்காட்டுக் கடைவீதியில் கம்பளி, ஸ்வெட்டர், குல்லாய் விற்கிற கடை எங்களுடையது. கடைக்குப் பின்னாலேயே வீடு. சேலத்திலிருந்து கல்யாணமாகி மலை ஏறி வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. மழைக்காலத்தில் மூடுபனி இறங்கிவிட்டால் நாள்கணக்கில் ஜன்னலைக்கூடத் திறக்க முடியாது. கணவர், மாமியார், நான், காயாத துணிகள், எல்லாம் ஒரே கூடத்தில். அப்போதெல்லாம் பத்து நிமிஷம் குளிப்பேன், பத்து நிமிஷம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் சும்மா உட்கார்ந்திருப்பேன். அழுகை கிழுகை ஒன்றும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான்.

போன வருஷம் கார்த்திகையில் மாமியார் அங்கே வழுக்கி விழுந்தார். எழுபத்தைந்தைத் தாண்டியவர். தடாலென்று சத்தம் கேட்டு ஓடினேன். கதவைத் தட்டினேன், கூப்பிட்டேன், பதில் இல்லை. உள்ளே தாழ்ப்பாள். ஒடைங்க, ஒடைங்க என்று கத்தினேன். கடையிலிருந்து கணவர் ஓடிவந்தார், பக்கத்து டீக்கடைக்காரர் கடப்பாரையோடு வந்தார், ஸ்வெட்டர் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் உதவிக்கு வந்தார்கள். கதவு நிலையோடு பெயர்ந்து விழுந்தது. மாமியாருக்கு உயிர் இருந்தது. இடுப்பெலும்பில் கீறல் விட்டிருந்தது. மூன்று மாதம் படுக்கை, அப்புறம் வாக்கர்.

பெயர்ந்த கதவை மட்டும் மாற்றியிருந்தால் கதை முடிந்திருக்கும். பெங்களூரில் இருக்கும் மகன் விடவில்லை. பாத்ரூமையே புதிதாகக் கட்டுவோம் என்று தினம் பத்துப் படம் அனுப்பினான். சுவரில் தொங்குகிற கம்மோடு, மழை மாதிரி கொட்டுகிற ஷவர், ஷாம்பு வைக்கச் சுவருக்குள்ளேயே மாடம், ஓரத்தில் விளக்கு எரிகிற கண்ணாடி. இப்போதெல்லாம் இதுதான் என்றான். என் கணவர் கல்லாவில் உட்கார்ந்து அந்தப் படங்களை வாடிக்கையாளர்களுக்குக் காட்டினார். சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டம் வருவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று ஒரே அவசரம்.

டிசைன் போட சேலத்திலிருந்து ஒருவர் வந்தார். வெயில் ஊர்க்காரர். காற்றோட்டம் முக்கியம் என்று முக்கால் சுவருக்குப் பெரிய ஜன்னல் வைத்தார். பக்கத்து மலைக்கிராமம் தலைச்சோலையிலிருந்து வந்த கொத்தனார், இந்தக் குளிரில் அவ்வளவு பெரிய ஜன்னலா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் கட்டிக் கொடுத்துவிட்டார். இன்றைக்கும் நாங்கள் மூடுபனியோடு சேர்ந்துதான் குளிக்கிறோம்.

கதவு விஷயத்தில் அப்பாவும் மகனும் ஒரே கட்சி. வாக்கர் நுழைகிற அளவுக்கு அகலமாக, பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற, பனி படிந்த மாதிரி மங்கலான கண்ணாடிக் கதவு. உள்ளே தாழ்ப்பாள் கூடாது. தாழ்ப்பாள் இருந்ததால்தானே அம்மா அன்றைக்குச் செத்துப் பிழைத்தார் என்றார் கணவர். நான் சும்மா இருக்கவில்லை. விருந்தாளிகள் வந்தால் சங்கடம் என்றேன். இடுக்கு வழியாகப் பல்லி வரும் என்றேன். எனக்கு வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிப் பழக்கமே இல்லை.

வேலை முடிந்தது. பார்க்கிறவர்கள் ஸ்டார் ஓட்டல் மாதிரி இருக்கிறது என்றார்கள். முகம் பார்க்கிற கண்ணாடி ஓரத்து விளக்கைப் போட்டால் உள்ளே நிற்கிறவரின் நிழல் முழுசாகக் கதவில் விழும் என்பது முதல் வாரத்தில்தான் தெரிந்தது. நான் விளக்குப் போடாமல் குளிக்கப் பழகினேன். பாதிக் குளியலில் கதவு சர்ரென்று நகரும். உள்ளே இருக்கிறேன் என்பேன். தெரியும், ஷேவிங் பிரஷ்ஷை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று கணவர் நிதானமாக எடுத்துக்கொண்டு போவார். ஒருநாள் பீரோ சாவி எங்கே என்று கேட்பதற்காகவே வந்து நின்றார். சோப்பு நுரையோடு நின்று சாவி இருக்கிற இடத்தைச் சொன்னேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாளி கவிழ்த்துப் போட்டு உட்காருவது அதோடு போயிற்று. ஒரு நாளில் ஒரு நிமிஷம்கூட என் பின்னால் ஒரு கதவு மூடவில்லை. கொண்டை ஊசி வளைவில் பஸ் மாட்டிக்கொண்டால் வருமே, இறங்கவும் முடியாமல் போகவும் முடியாமல், அந்த எரிச்சல் காலையிலேயே தொடங்கிவிடும்.

இதில் மாமியார் வேறு. குளிக்கப் போகும்போதெல்லாம் நான் வாசலில் முக்காலி போட்டு உட்கார வேண்டும். யாரையும் விடக் கூடாது. அரைமணி நேரம் ஆகும். அந்த நேரத்தில்தான் பால் பொங்கும், கடையிலிருந்து கூப்பிடுவார்கள். காபி குடித்தால் அடிக்கடி உள்ளே போக வேண்டியிருக்கிறதென்று அவர் காபியையே நிறுத்தியதைக்கூட நான் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். ஒரு காலையில் பொறுமை போய்க் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க அத்தை, உங்களுக்காகத்தானே இந்தக் கதவே போட்டது? அப்புறம் எதுக்குங்க காவல்?"

உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் ஊற்றிக்கொண்டே பேசினார்.

"அன்னிக்குத் தாப்பாள் கைக்கெட்டற தூரத்துலதான் இருந்துச்சு கண்ணு. சேலையச் சுத்தீட்டுத் தொறக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஒடைச்சுப்போட்டாங்க. நாலு ஆம்பளைங்க பாத்தாங்க. பெத்த பையன் பாத்தான்."

பதிலே சொல்லவில்லையே, கூப்பிட்டேனே என்றேன்.

"விழுந்துட்டேன்னு சொன்னா ஒடனே உள்ள வந்துருவீங்கன்னுதான் பேசல." பிறகு சொன்னார், "அவங்கிட்டச் சொல்லிப்போடாத. நொம்ப நொந்துபோவான்."

சொல்ல மாட்டேன் என்றேன். ஒடைங்க என்று கத்தியது நான் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அவர் விழுந்ததை மட்டும்தான் நான் இத்தனை மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே கண்ணாடி மாட்டியவருக்குப் போன் செய்தேன். இந்த ரகக் கண்ணாடியில் இனி ஓட்டை போட முடியாது, போட்டால் மொத்தமும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும், வேண்டுமானால் மரக்கதவுதான் மாற்ற வேண்டும் என்றார்.

மத்தியானச் சாப்பாட்டில் பேச்சை எடுத்தேன். மரக்கதவு போடலாம், உள்ளே தாழ்ப்பாள் வைக்கலாம் என்றேன். கணவர் ஒரே கேள்விதான் கேட்டார். மறுபடி அம்மா விழுந்தால்? எதிரில் மாமியாரின் கை சோற்றில் அப்படியே நின்றது. அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. அத்தை சொன்னதில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவரே கண்ணாடியைக் கழற்றிவிடுவார். அதைச் சொல்லத்தான் முடியாது.

"அத்தைக்கு இல்லீங்க," என்றேன். "எனக்கு வேணும்."

"உனக்கு எதுக்கு?"

கோபமாகக் கேட்கவில்லை. கிண்டலும் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். இருபத்தெட்டு வருஷம் கூட இருந்தவருக்கு நான் எங்கே தொடங்கி விளக்குவது? ரசம் ஊற்றிவிட்டு எழுந்து போனேன்.

மறுநாள் காலை நான் குளித்துக்கொண்டிருந்தபோது கணவருடைய செருப்புச் சத்தம் வந்தது. அதற்கு முன்னாலேயே வாக்கரின் டக் டக். கதவில் நிழல் தெரிந்தது, குனிந்த முதுகும் வாக்கரைப் பிடித்த இரண்டு கைகளும்.

"உள்ள ஆளிருக்குது சாமி. அப்பறம் வா."

தெரியும், சீப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றார் கணவர்.

"என்னையத் தள்ளிப்போட்டுப் போயி எடுத்துக்க."

அப்புறம் செருப்புச் சத்தம் கடைப் பக்கம் போயிற்று. நிழல் மட்டும் நகரவில்லை.

"மெதுவா வா கண்ணு. நான் நிக்கறேன்."

அந்த இடுப்போடு அவரால் ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியாது. நான் அவசரமாக நாலு சொம்பு ஊற்றிக்கொண்டு, தலையைக்கூடத் துவட்டாமல் வெளியே வந்துவிட்டேன்.