எடுக்காத காருக்குக் காய்ச்சல்

திருச்செந்தூரிலிருந்து மாட்டுவண்டியில் பிரசவம் பார்க்கப் போகும் டாக்டர் நான். போன வாரம் மணப்பாட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் ஒரு தாய் இறந்துவிட்டாள்.

அதனால் இன்று, சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரையின் பெரிய காரைப் பார்க்கத் தூத்துக்குடிக்குப் போனேன்.

தரகர் அண்ணாச்சி தோல் இருக்கையைத் தட்டிக் காட்டினார். “நேத்துல இருந்து எடுக்கவே இல்ல டாக்டரம்மா. தொட்டாலே கிளம்பிரும்.”

பானெட்டில் கை வைத்தேன். சுட்டது.

“எடுக்காத வண்டிக்கு எப்படி அண்ணாச்சி காய்ச்சல் வந்துச்சு?”

“வெயில்லம்மா.”

கார் நிழலில் நின்றது.

“சரி, காய்ச்சல் இறங்கட்டும்” என்று நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மூன்று மணி நேரம். தரகர் இரண்டு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். குடித்தேன், எழுந்திருக்கவில்லை.

ஆறிய பிறகு தரகரின் டிரைவர் கிளப்ப முயன்றார். எஞ்சின் இருமியதே தவிர கிளம்பவில்லை. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “காலையில நாலு பேரு தள்ளித்தாம்மா கிளப்புனோம்.”

தரகர் அவரை முறைத்தார்.

“எஞ்சினைப் பிரிச்சு சரி பண்ணுங்க அண்ணாச்சி. ராத்திரி முழுக்க ஆறின வண்டி, விடியக்காலம் நான் தொட்டதும் கிளம்பினா வாங்கிக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குள் தரகர் அந்தக் காரை உங்களில் யார் தலையிலாவது கட்டப் பார்க்கலாம். அந்த நாலு பேரும் காரோடு சேர்த்திதானா என்று கேட்டுச் சொல்லுங்கள்.