கொழுந்தோடு வாட்டிய போன்

அப்பா போனைத் தண்ணீரில் போட்டதை நான் பார்த்தேன். லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் எல்லாரிடமும் அது நழுவி விழுந்துவிட்டது என்றுதான் சொன்னார். நழுவி விழும் பொருள்களை அந்த வயதிலேயே நான் நிறையப் பார்த்திருந்தேன். பெரும்பாலும் என் கையிலிருந்து. எதுவும் அப்படி விழாது. அழுக்குத் துணி ஊறிக்கொண்டிருந்த பேசினுக்குள், பாத்திரத்தைக் கழுவப் போடுகிறவர் மாதிரி, மெதுவாகத்தான் அதை வைத்தார்.

லுணுகலைக்கு மேலே மலையில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பீலியடியில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். தண்ணீர் பிடிக்கிற, குளிக்கிற, துவைக்கிற இடத்திலேயே நின்று எல்லாரும் போன் பேசுவார்கள். அதனால் அப்பா சொன்னதை யாரும் சந்தேகப்படவில்லை. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த அம்மா வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் கூப்பிடுவாள். அவள் வேலை செய்யும் வீட்டுக்காரியின் போன், நம்பர் விழாது. நாங்களாகக் கூப்பிட வழியே கிடையாது.

அன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான். அம்மாவின் குரல் எனக்கே கேட்கிற அளவுக்குச் சத்தமாக வந்தது.

"இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்லி கையெழுத்து கேக்குறாங்க. அடுத்த வெள்ளிக்கிழம முடிவு சொல்லணும். நீங்க வேணாம்னா வந்துர்றேங்க."

"ஒன் இஷ்டம்," என்று சொல்லி அப்பா கட் பண்ணினார். அதற்குப் பிறகுதான் பேசின். குமிழி வந்ததோ இல்லையோ, கை சுட்டுக்கொண்டவர் போலப் பதறி, அதே போனை வெளியே எடுத்து, இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். வேண்டாம் என்று போட்ட பொருளுக்காக ஒருவர் இப்படி ஓடுவாரா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

முதலில் போன் அரிசி டின்னுக்குள் போனது. சார்ஜர் குத்துகிற ஓட்டையில் ஒரு குறுணை போய் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். மாமாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வோம். மேல்மாடியில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு வாட்டுவதுதான் அவர் வேலை.

"ஈரத்தப் பத்தி எங்கிட்ட கேளுங்க மச்சான். அவசரப்படக் கூடாது. மெதுவா வாட்டணும். அதுவரைக்கும் சிம்மக் கழட்டி என் போன்ல போடுங்களேன். வெள்ளிக்கிழம அக்கா பேசட்டும்."

"எரவல் போன்ல நின்னு பொண்டாட்டிகிட்ட பேசணுமா நானு? வேணாம்," என்றார் அப்பா.

மாமா தன் போனை யாருக்குக் கொடுத்தாலும் கூடவே நின்று, பேசுவதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருப்பார் என்பது உண்மைதான். ஆனாலும் அம்மாவிடம் பேசுவதற்கு எந்தப் போனாக இருந்தால் என்ன? கேட்டேன். போய் விளையாடச் சொன்னார்.

போனைப் பிரித்தார்கள். எனக்கென்று இருந்த ஒரே டூத்பிரஷ்ஷை என்னைக் கேட்காமலே எடுத்து, தின்னரில் தொட்டு, உள்ளே பூத்திருந்த பச்சைக் களிம்பை அப்பா தேய்த்தார். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு தேய்த்தார். அம்மா குவைத்துக்குப் போனதிலிருந்து எனக்குச் சடை பின்னிவிட்ட அதே கை. அப்போதெல்லாம் இழுத்த இழுப்பில் எனக்குக் கண்ணீர் வரும். போனிடம் அப்படி ஒரு பக்குவம். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

மாமா எல்லாவற்றையும் லேஞ்சித் துணியில் முடிந்து ஸ்டோருக்குக் கொண்டுபோய், காற்று வரும் வாயில் ஸ்டோருக்குப் பெரியவரான டீமேக்கர் ஐயாவின் கண்ணில் படாமல் வைத்தார். திரும்பி வந்த போனில் கொழுந்து வாசம் அடித்தது. பேட்டரியைப் போட்டதும் வெளிச்சம் வந்தது. பீலியடிக்குக் கொண்டுபோய் மாமா தன் போனிலிருந்து அடித்துப் பார்த்தார். பாட்டு கணீரென்று ஒலித்தது.

"பாத்தீங்களா? ஒழுங்கா வாட்டுனா எதுவும் தேறும்!"

அப்பா சிரித்தேவிட்டார். மணி அடித்தால் போன் பிழைத்த மாதிரி என்று எல்லாரும் நம்பினோம். எடுத்து ஒரு வார்த்தை பேசிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை அப்பா வேலையிலிருந்து சீக்கிரமே வந்து, குளித்து, தலை வாரி, கல்யாண வீடுகளுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டார். அம்மாவுக்கு இதெல்லாம் போனில் தெரியாதே என்றேன். "தெரியாட்டி பரவால்ல, வா," என்றார்.

பீலியடியில் மணி அடித்தது. அம்மா, "ஹலோ," என்றாள்.

"ஆ, சொல்லு," என்றார் அப்பா.

"ஹலோ? கேக்குதாங்க?"

"கேக்குது, கேக்குது. நீ வந்துரு."

"ஹலோ? எடுத்துட்டு ஏன் பேசாம இருக்கீங்க? அன்னைக்குள்ள கோவம் இன்னும் போகலியா?"

அப்பா கத்த ஆரம்பித்தார். "வந்துரு! கையெழுத்துப் போடாத! எனக்கு முடியல, நீ வந்துரு!" குடம் வைத்திருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமா தன் காம்பரா வாசலுக்கே வந்துவிட்டார்.

"பாப்பா பக்கத்துல இருக்காளா?" என்று அம்மா கேட்டாள். நான் பலமாகத் தலையாட்டினேன். "ஹலோ?" என்று இன்னொரு தரம் கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு, "சரிங்க. நீங்க சொன்ன மாதிரி என் இஷ்டத்துக்கே போட்டுர்றேன்," என்றாள். அதோடு லைன் போய்விட்டது.

போனுக்குக் காது மட்டும்தான் திரும்பி வந்திருந்தது, வாய் வரவில்லை என்பதெல்லாம் நான் வளர்ந்து விளங்கிக்கொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மாவின் குரல் அத்தனை தெளிவாகக் கேட்டது என்பதுதான். மாமாவிடம் ஓடி, "போன் நல்லாயிருச்சு மாமா!" என்றேன். அப்பா கட்டாகிப்போன போனைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றார்.

போன் நன்றாகத்தான் இருக்கிறது, அம்மாவுக்குத்தான் எங்கள் மேல் ஆசை இல்லை என்று முடிவுகட்டிக்கொண்டேன். இரண்டு வருடம் கழித்து அவள் பெட்டியோடு வந்து இறங்கி, "பாப்பா!" என்று கையை நீட்டியபோது, நான் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அவளிடம் போக மாட்டேன் என்று நின்றேன். அப்பா அவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டும் வராதவள் அல்லவா அவள்.