பச்சை அளவு

வாசுகி தன் வாழ்நாளில் மேடையேறிப் பியானோ வாசித்தது ஒரே ஒரு தடவைதான். பன்னிரண்டு வயதில், கான்வென்ட் ஆண்டு விழாவில், ஏழு நிமிஷம். பிற்பாடு அவள் வருஷக்கணக்காக வாசித்தது சத்தம் வராத பியானோ. அதைச் செய்து கொடுத்த இரண்டு பேரில் நான் ஒருவன். அதை எப்படிக் கெடுத்தேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நல்லவன் வேஷம் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது.

என் பெயர் அறிவழகன். அறிவு பெயரோடு சரி. விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் சூளை பார்க்கிறேன். வாசுகியின் அப்பா மாணிக்கவேல் அங்கே அச்சு மேஸ்திரி. பிள்ளையாரோ புத்தரோ தூங்கும் நாய்க்குட்டியோ, எதுவானாலும் அதன் அச்சு அவர் கையால்தான். மகளாவது இங்கிலீஷ் பேசட்டும் என்று கான்வென்ட்டில் சேர்த்தார். அவளோ அங்கே கிடந்த பழைய பியானோவில் போய் விழுந்தாள். ஆறு வயதிலிருந்து பதிமூன்று வயது வரை ஒரு சிஸ்டர் சொல்லிக்கொடுத்தார். சென்னையிலிருந்து வந்து பரீட்சை வைத்தவர்கள் ஐந்தாம் கிரேடு சர்ட்டிபிகேட் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிறகு சிஸ்டருக்கு மாற்றல் வந்தது. பியானோவைக் கரையான் அரித்து, அதுவும் போய்ச் சேர்ந்தது.

பிளஸ் டூ முடித்ததும் எங்கள் கம்பெனிக்கே பொம்மைக்குக் கண் எழுத வந்தாள். ஒரு நாளைக்கு முந்நூறு ஜோடிக் கண். டீ நேரத்தில் மேஜை விளிம்பில் அவள் விரல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருநாள் கேலியாகக் கேட்டேன், “என்னா வாசுகி, டைப்ரைட்டிங் போறியா?” என்று. சிரிக்கவில்லை.

“சென்னையில ஒரு மியூசிக் ஸ்கூல்ல வருஷா வருஷம் ஒரு ஆள எடுக்கிறாங்கண்ணே. படிப்பு, தங்குறது எல்லாம் அவங்களே பாத்துக்கிறாங்க. முடிச்சா கச்சேரி மேடை. இருபத்தோரு வயசுக்குள்ள போவணும். ஒரே ஒரு வாட்டிதான் வாசிக்க வுடுவாங்க.”

அவளுக்கு அப்போது பதினெட்டு. கையில் மூன்று வருஷம் இருந்தது, பழகத்தான் பியானோ இல்லை. வாடகைக்குக் கிடைக்கும் கீபோர்டு பொம்மைச் சாமான், அதில் பழகினால் கை கெட்டுப்போகும் என்று சிஸ்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதை வேதவாக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மேஸ்திரிதான் யோசனை சொன்னார். “பியானோ கட்டைங்கள நாமளே ஊத்திச் சுட்டுப்புடலாம். சத்தம் வராது. பழகுறதுக்குச் சத்தம் எதுக்கு, வெரல்தான வேணும்?”

வெள்ளைக் கட்டை ஐம்பத்திரண்டும் செராமிக்கில். கருப்பு முப்பத்தாறும் மரத்தில். அமுக்கினால் திரும்பி எழும்ப அடியில் ஸ்பிரிங். அளவு எடுக்கும் வேலை எனக்கு வந்தது. பொம்மை லோடோடு நான் சென்னை போகிறவன். மவுண்ட் ரோடு பக்கம் ஒரு பியானோ கடையில் வாங்குகிறவன் மாதிரி நுழைந்து, கடைக்காரர் முறைக்க முறைக்க டேப்பை வைத்தேன். ஏழு வெள்ளைக் கட்டை சேர்ந்தால் ஆறரை அங்குலம்.

எங்கள் தொழில் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். சூளையில் வெந்தால் மண் சுருங்கும். எங்கள் மண் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அதனால் எதைச் செய்தாலும் அந்தச் சுருக்கத்தைக் கூட்டித்தான் அச்சு எடுப்போம். கூட்டிய அளவு பச்சை அளவு, வெந்தபின் நிற்பது சுட்ட அளவு. பதினைந்து வருஷப் பழக்கம், பஸ்ஸில் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டு ஏழேகால் என்று சீட்டில் எழுதினேன். மேஸ்திரியிடம் கொடுத்தேன். முப்பது வருஷப் பழக்கம், அவர் வாங்கியவுடன் தன் பங்குக்குக் கூட்டி எட்டு அங்குலமாக அச்சு எடுத்தார். இது எந்த அளவு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஏழேகால் என்று எழுதியவன் பக்கத்தில் பச்சை என்று ஒரு வார்த்தை எழுதினால் கை ஒடிந்தா போயிருக்கும்?

தச்சரிடம் நாலடிப் பலகை சொல்லியிருந்தேன். கட்டைகளை அடுக்கினால் பலகை தீர்ந்த பிறகும் கட்டை மிச்சம் இருந்தது. தச்சர் அரையடிக்கு ஒட்டுப் போட்டார். “பலகைக்காரன் ஏமாத்திட்டான்” என்று மூன்று பேரும் சிரித்தோம். அன்றைக்கே முழித்திருக்க வேண்டும்.

வாசுகி உட்கார்ந்து கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்துப் பார்த்தாள். மட்டுமட்டாக எட்டியது. அவள் முகம் மலர்ந்துவிட்டது. “இதேதாண்ணே. சின்ன வயசுலயும் இப்படித்தான் எட்டாம தவிப்பேன்” என்றாள். அந்தச் சின்ன வயதில் அவள் கையும் சின்னக் கை என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

மூன்று வருஷம் விடியற்காலை நாலரைக்கு அந்த வீட்டில் டக் டக் என்று சத்தம் கேட்கும். ராகமெல்லாம் அவள் தலைக்குள். பெண் பார்க்க வந்தவர்கள் பலகையைப் பார்த்துவிட்டு, “என்னாங்க இது, தறியா?” என்று கேட்டார்கள். அவளுடைய அம்மா ராஜாம்பாள் அழுதாள். வாசுகி ஒருவருக்கும் மசியவில்லை. கேசட்டில் ஒரு வரி கேட்பாள், நிறுத்துவாள், கண்ணை மூடிக்கொண்டு அதை விரலில் நூறு தடவை போடுவாள். கண்ணைத் திறந்து கட்டையைத் தேடுகிற கை மேடைக்கு ஆகாது என்பாள்.

2005 பிப்ரவரியில் மேஸ்திரியும் நானும் அவளோடு சென்னை போனோம். ஹாலின் கடைசி வரிசையில் எங்களை உட்கார வைத்தார்கள். தொட்டுப் பார்க்க நேரம் கிடையாது, பெயர் கூப்பிட்டால் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். முதல் வரியிலேயே தடுமாறினாள். இடது கை தாவ வேண்டிய இடம் வந்தது. தாவியது. ஒரு கட்டை தள்ளி விழுந்தது. எனக்குச் சங்கீதம் தெரியாது, ஆனால் உடைந்த பானையின் சத்தம் தெரியும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடி தள்ளி விழுந்தது. கண்ணைத் திறந்து, குனிந்து, கட்டைகளைப் பார்த்துப் பார்த்து வாசித்தாள். பார்க்கப் பார்க்க மோசமானது. கை நிறுத்துமா? மூன்று வருஷம் படித்த தூரம் அது.

நடுவர்களில் ஒரு பெரியவர் கையைத் தூக்கி நிறுத்தினார். “உள்ளுக்குள்ள சங்கீதம் இருக்கும்மா. கைதான் எல்லாத்தையும் தாண்டித் தாண்டிப் போறது. எந்தப் பியானோவில் பழகறே?”

“வூட்லங்க. அப்பா செஞ்சது.”

யாரோ சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னார். எழுந்திருக்கும் முன் வாசுகி துப்பட்டா நுனியைக் கட்டைகள் மேல் வைத்து, ஏழு கட்டை முடியும் இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டாள். பஸ்ஸில் ஊர் வரும்வரை அந்த முடிச்சைப் பிடித்தபடியே இருந்தாள்.

வீட்டுக்கு வந்து துப்பட்டாவைப் பலகை மேல் விரித்தாள். ஒரு விரற்கடை குறைந்தது. மேஸ்திரி டேப்பை எடுத்து அளந்தார். நெடுநேரம் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அறிவு, நீ எழுதிக் குடுத்தது பச்சை அளவா, சுட்ட அளவா?”

வாசுகி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். பயந்துவிட்டேன்.

“சுட்ட அளவுதான் மேஸ்திரி.”

அவர் டேப்பைச் சுருட்டினார். பிறகு மகளிடம் சொன்னார், “அப்ப தப்பு எம்மேலதான். ரெண்டு வாட்டி கூட்டிப்புட்டேன் போலிருக்குது.”

நான் டீ குடிக்காமல் கிளம்பி வந்துவிட்டேன். அந்த வருஷத்தோடு அவளுடைய வயசு தாண்டியது. அதற்கப்புறம் அவள் பலகையைத் தொடவில்லை. ராஜாம்பாள் அதன் மேல் அரிசி மூட்டையை வைத்தாள். மேஸ்திரி எந்த அளவையும் இரண்டு பேரிடம் கேட்டுத்தான் அச்சில் கை வைத்தார். கம்பெனியில் பையன்கள் கேலி செய்தார்கள், முதலாளி அவரைச் சிப்பம் கட்டும் வேலைக்கு மாற்றினார். நான் சூளைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். 2008 புரட்டாசியில் மேஸ்திரி மார்வலி வந்து போய்ச் சேர்ந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்கு வந்த வாசுகி, டீ நேரத்தில் என்னிடம் வந்து ஒரு சீட்டை நீட்டினாள். என் பால்பாயின்ட் எழுத்தில் ஏழேகால். அதன் கீழே மேஸ்திரியின் பென்சிலில் எட்டு.

“அப்பாவோட அச்சுப் பெட்டியில அடியில இருந்துதுண்ணே.”

சுட்ட அளவென்றால் சீட்டில் ஆறரை என்றல்லவா இருக்கவேண்டும்? அப்படியானால் என்னிடம் கேட்கும்போதே அவருக்குத் தெரியும். நான் ஒத்துக்கொள்கிறேனா என்றுதான் கேட்டிருக்கிறார். “சரியான அளவுல புதுசா செஞ்சு தரேம்மா” என்றேன். வெட்கம் கெட்டவன்.

“யாருக்குண்ணே?” என்றாள்.

கோபம் இல்லை அந்தக் குரலில். சீட்டை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பிரஷ்ஷைத் தொட்டு, ஒற்றைக் கண்ணோடு நின்ற பொம்மைக்கு மறு கண்ணை எழுதினாள். தலை நிமிராமலே சொன்னாள்.

“மூணரை வருஷம் நான் அவருகிட்ட மொகம் குடுத்துப் பேசலண்ணே.”