கஞ்சி போட்ட சேலைகள்

தாராவியில் நாங்கள் குடியிருந்த வரிசையில் தையல் மிஷின் என்னிடம் மட்டும்தான் இருந்தது. கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த கைமிஷின். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இல்லை என்று சொன்னால் அந்த வரிசையில் ஒருத்தியும் நம்பமாட்டாள்.

பக்கத்து வீட்டு மராத்திக்காரிக்கு என் வயதுதான். பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரத்திலிருந்து நடுவரை சுற்றிச் சுற்றிக் கையாலேயே தைத்துக் கோதடி என்று ஒரு போர்வை செய்வாள். ஒன்றை முடிப்பதற்குள் மழைக்காலமே போய்விடும். மிஷினில் ஒரே வாரத்தில் முடித்துக் காட்டுகிறேன் பார் என்று அவளிடம் சவடால் விட்டேன். “யே ஹாத் கா காம் ஹை” என்று சிரித்தாள். கைவேலையாம். கைக்கு ஆகிறது மிஷினுக்கு ஆகாதா என்று நானும் உட்கார்ந்தேன்.

ஆகவில்லை. அடிச்சேலையை மிஷினின் பல் உள்ளே இழுத்தது. மேல்சேலையை இரும்புப் பாதம் நகரவிடாமல் அழுத்திப் பிடித்தது. தையல் முடிகிற இடத்தில் மேல்துணி ஒரு சாண் மிஞ்சி நிற்கும், நடுவெல்லாம் சுருக்கம். என் வீட்டுக்காரர் அதை விரித்துப் பார்த்துவிட்டு, “நல்லாத்தாம்ளா இருக்கு. மேடும் பள்ளமுமா, கொடைக்கானல் மலை கணக்கா” என்றார். அன்றைக்கு அவருக்கு ஆறிப்போன சோறுதான்.

பிரித்தேன், தைத்தேன், மறுபடி பிரித்தேன். கடைசியில் வழி எனக்கே தட்டுப்பட்டது. சேலைகளைக் கெட்டிக் கஞ்சியில் முக்கிப் பிழிந்து, ஈரம் போகுமுன் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து நீவிக் காயவிட்டால், அத்தனையும் ஒட்டிக்கொண்டு ஒரே துணியாக விறைத்துவிடும். அப்புறம் ஊசி சொன்னபடி போகும். தைத்து முடித்து ஓர் அலசு அலசினால் கஞ்சியெல்லாம் போய் மெத்தென்று ஆகிவிடும். முக்குவது நான், பிழிவது அவர். மிஷின் சக்கரத்தையும் அவரே சுற்றுவார், துணியைப் பிடிக்க எனக்கு இரண்டு கையும் கிடைக்கும் என்று.

அதற்குப் பிறகு என்னை யாராலும் நிறுத்த முடியவில்லை. தகரப்பெட்டிக்கு உறை, மிஷினுக்கு உறை, வாசலுக்குத் திரை. அடுப்புத் துடைக்கிற கரித்துணிக்குக்கூட ஓரத்தில் பூ வைத்துத் தைத்தேன். “இனி எனக்குத்தாம்ளா உறை பாக்கி” என்பார். துண்டுத் துணிகளை மடியில் கொட்டிக்கொண்டு, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எதை வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அந்தச் சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

அவர் தோல் பட்டறையில் வேலை பார்த்தார். ஊறும் தோலுக்கு நடுவிலேயே பிழைத்து அவருக்கு மூக்கு மரத்துப்போயிருந்தது. மல்லிகையும் மண்ணெண்ணெயும் அவருக்கு ஒன்றுதான். வெளியிலிருந்து வருகிற எந்தத் துணியும் துவைக்காமல் வீட்டுக்குள் கிடக்கக் கூடாது என்பது அவருக்காகவே நான் போட்ட சட்டம்.

அறுபதுகளின் நடுவில், அரிசிக்கு அல்லாடிய காலத்தில், அம்மா இறந்த தந்தி வந்தது. அது என் கைக்கு வரும்போதே ஊரில் அடக்கம் முடிந்திருந்தது. ரயிலேறிப் போயிருந்தாலும் மண்மேட்டைத்தான் பார்த்திருப்பேன். போகவில்லை. அழுகையும் வரவில்லை. மிஷினை மூடிவைத்தேன். அதன்பின் பல நாள் நான் ஊசியைத் தொடவில்லை.

சில வாரம் கழித்துச் சித்தப்பா மகன் ஊரிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். அம்மா கட்டிய சேலைகள், தங்கை கொடுத்தனுப்பியது. “ஒண்ணையும் தொவைக்கல்லக்கா. அம்ம அவுத்துப்போட்டபடியே இருக்குன்னு உங்கிட்ட சொல்லச் சொன்னா” என்றான். அவன் போனதும் முகத்தை அதில் புதைத்தேன். அம்மா கருப்பட்டி காய்ச்சுகிறவள். பனையோலைப் புகையும் பாகும் வேர்வையும் வெற்றிலையும் கலந்து, அம்மா அப்படியே அதற்குள் இருந்தாள்.

அந்த வாசனை போகாமல் ஒரு கோதடி தைத்து, உயிருள்ளவரை அதைப் போர்த்திக்கொள்ள வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஆனால் மிஷினில் தைத்தால் கஞ்சி போட வேண்டும், கஞ்சி போட்டால் வாசனை போய்விடும். வெட்கத்தை விட்டு மராத்திக்காரியிடம் போனேன். சேலையை மோந்து பார்க்கச் சொல்லி, என் அம்மா என்றேன். அவள் சிரிக்கவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்ததும் இருவருமாகக் கையால் தொடங்கலாம் என்றாள். அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. மூக்கு செத்த மனுஷனிடம் வாசனையைப் பற்றி என்ன பேசுவது?

அவர் கோயிலுக்கு வருவது கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும்தான். அந்த ஞாயிறு நான் திரும்பி வந்தபோது எங்கள் கட்டில் வாசலில் கிடந்தது. அதன்மேல் அம்மாவின் சேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, மடிப்பில்லாமல் நீவி விரிக்கப்பட்டிருந்தன. ஈர லுங்கியோடு, முழங்கை வரை வெள்ளையாக, அவர் நின்றிருந்தார்.

“வந்துட்டியா? நீ கோயிலுக்குப் போன ஒடனே கொழாயில போயி நின்னு, சோப்பு போட்டுத் தொவச்சிட்டேன். செத்தவுங்க துணிய எத்தன நாளு அப்படியே வச்சிருப்ப? கஞ்சி பதமா இருக்கா, தொட்டுப் பாரு. மிசின் சத்தம் இல்லாம வீடு வீடாவே இல்லளா.”

ரேஷன் அரிசியைக் கஞ்சிக்கென்றே குழைய வேகவைத்திருந்தார். கட்டிலருகே மண்டியிட்டேன். ஒவ்வொரு சேலையாக ஓரத்தைப் பிரித்து மோந்தேன். ஒன்றிலாவது, ஒரு மூலையிலாவது. சோப்பும் கஞ்சியும்தான். அம்மா செத்துப்போனாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வரிசையே எட்டிப் பார்க்கும்படி அலறி அழுதேன்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவினார். “அழு, நல்லா அழுதுரு. இத்தன நாளு அழாம இருந்தியே, பயந்துபோயிட்டேன்” என்றார். மராத்திக்காரி வாசலுக்கு வந்தாள். கட்டிலைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவரைத் திட்ட வாயெடுத்தாள். நான் அவள் கையை இறுக்கிப் பிடித்தேன். அவள் தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

காய்ந்ததும் மிஷினைத் திறந்தேன். அவர் சக்கரத்தைச் சுற்றினார். எங்கும் ஒரு சுருக்கம் விழவில்லை. நான் தைத்ததிலேயே நல்ல கோதடி அதுதான். அவர் அதைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார்.

“உங்கம்ம மடியில படுத்த மாதிரி இருக்கும், இல்லளா?”

“ஆமா” என்றேன்.