ஒரே மண்டபம், இரண்டு மாப்பிள்ளைகள்

இன்று காலை கூலாய் ஊர்க் கடைத்தெருவில் உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப் பொரிக்கும் வாசனை வந்ததும், எனக்கு மென்பொருள் சோதனை அறை ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். ஜொகூர் பாருவில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் ஒரு காலத்தில் நிரல் எழுதியவர்களைவிடச் சோதித்தவர்கள் அதிகம். அவர்கள் கறிபாப் தின்றபடியேதான் சோதிப்பார்கள். விசைப்பலகைகளில் மசாலா மணக்கும்.

கல்யாண மண்டப முன்பதிவு மென்பொருள்தான் எங்கள் பிழைப்பு. அதில் பெயர், தொலைபேசி எண், தேதி எல்லாமே வெறும் எழுத்து. தேதிக் கட்டத்தில் ‘பிரியாணி’ என்று அடித்தாலும் நிரல் பணிவாக வாங்கி வைத்துக்கொள்ளும். அதைக் கண்டுபிடிப்பது சோதனைக் குழுத் தலைவி லெட்சுமி அக்காவின் தலையெழுத்து.

ஒரு நாள் சிகாமட்டில் ஒரே மண்டபத்துக்கு இரண்டு மாப்பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். ஒரு பதிவு ‘5/6’, மற்றது ‘5 ஜூன்’. எழுத்து வேறென்றால் நாளும் வேறு என்று எங்கள் நிரல் முடிவு கட்டியிருந்தது. போனை எடுத்தவன் நான்.

“தம்பி, எம்பொண்ணு மாலையோட கார்லயே உக்காந்திருக்கு. உள்ள வேற பொண்ணு மணவறையில இருக்கு. நான் என்ன செய்ய?” ஒரு தகப்பனார் அழுதார். நல்லவேளை, உள்ளே இருந்தவர்கள் தாலி கட்டியதும் மணவறையை விட்டுக்கொடுத்தார்கள். சாப்பாடு இரு வீட்டாருக்கும் ஒரே பந்தியில் நடந்தது.

நாங்கள் ‘போஸ்’ என்று கூப்பிடும் முதலாளி கண்ட தீர்வு, இன்னும் சில சோதனையாளர்கள். கறிபாப் தட்டும் பெரிதானது.

பிறகுதான் நிரல் எழுத மாலினி வேலைக்குச் சேர்ந்தாள். தேதிக்குத் தனி வகை, எண்ணுக்குத் தனி வகை என்று நிரலிலேயே பிரித்தாள். யார் எப்படி அடித்தாலும் வாசலிலேயே தேதியாக மாறித்தான் உள்ளே போக வேண்டும். காலி மண்டபம் ஒரு வகை, பதிவான மண்டபம் வேறு வகை. காலி என்று உறுதிசெய்யாத மண்டபத்தைப் பதியும் வரி நிரலில் இருந்தால், நிரலை முன்கூட்டியே படித்துப் பார்க்கும் கம்பைலர் அதை ஓடவே விடாது.

முதல் நாளே திரை முழுக்கச் சிவப்பு. போஸ் அலறினார். “அலமாக்! நேத்துவரைக்கும் ஒரு எர்ரர்கூட இல்ல லா! நீ வந்துதான் கொண்டுவந்திருக்க!”

“எல்லாம் முன்னாடியே இருந்ததுதான் போஸ். இப்பதான் கண்ணுக்குத் தெரியுது.”

“தெரியாமலே இருந்திருக்கலாம்.”

மழைக்காலம் முழுக்கத் திருத்தினோம். திருத்தத் திருத்த நிரலின் உருவமே மாறியது. பழைய சோதனைகளில் பாதிக்கு வேலையில்லாமல் போனது. லெட்சுமி அக்கா மட்டும் அசரவில்லை. “ஆடி மாசத்துல கல்யாணம் பதிஞ்சா உன் கம்பைலர் ஏன்னு கேக்குமா?”

“கேக்காதுக்கா. அதுக்குத்தான் நீங்க இருக்கீங்க,” என்றாள் மாலினி.

மற்ற சோதனையாளர்கள் ஒவ்வொருவராகச் சிங்கப்பூர் வேலைக்குப் போனார்கள். சோதனை அறையில் இப்போது உடைந்த நாற்காலிகள் கிடக்கின்றன.

முன்பெல்லாம் மண்டபக்காரர்கள் தினமும் கூப்பிட்டுத் திட்டுவார்கள். திட்டி முடித்ததும், “சாப்டீங்களா தம்பி?” என்பார்கள். அப்படியே பழகி, தங்கள் வீட்டு விசேஷத்துக்கும் கூப்பிடுவார்கள். மென்பொருள் கெடாமல் ஓடத் தொடங்கியதிலிருந்து எங்களை யாரும் கல்யாணத்துக்கு அழைப்பதில்லை.