சரோஜா அக்கா வீட்டுக்காரருக்கு வந்த புதுக் கன்னம்

நெய் வாசனை... வாழையிலைத் துண்டுல சுடச்சுட அசோகா அல்வா.

திருவையாறு பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல அதை ஒரு வாய் முழுங்கிட்டு, பட்டாபிஷேகத்துக்கு வந்த சோழ மன்னன் மாதிரி மீசையைத் தடவிக்கிட்டேன். மீசையெல்லாம் நெய்.

கூட வந்தவன் பஷீர் பாய், என் சிநேகிதன். முடிச்சூர் ரோட்டுல போட்டோ ஃபிரேம் கடை. தாம்பரம் வட்டாரத்துல செத்தவங்க அத்தனை பேரும் பாய் கடைக்கு வந்து கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் மேல போவாங்க. எமனே அங்க டோக்கன் வாங்கிட்டு நிப்பான்.

வருஷக்கணக்கா தஞ்சாவூர் படத்துக்கெல்லாம் ஃபிரேம் போட்டவன், ஒரு படம் வரையறதை நேர்ல பார்த்ததில்ல. "மச்சான், ஒரே ஒரு வீக்கெண்ட்... ஓவியம் வரையறதைப் பார்த்துட்டு காவிரிக்கரைல உக்காந்துட்டு வந்துடணும்டா." அவ்ளோதான் அவன் ஆசை.

சனிக்கிழமை பூரா ஒரு ஓவியர் வீட்ல இருந்தோம். அந்தத் தெருவுல எந்த ஜன்னலைத் தாண்டினாலும் யாராவது பாடிக்கிட்டே இருப்பாங்க. பால்காரர் சைக்கிள் மணிகூட சுருதி விலகாது. ஓவியர் வரையற சாமி எல்லாத்துக்கும் ஒரே கொழுகொழு கன்னம். எலும்புக்கூட்டை முன்னாடி உக்கார வெச்சாலும் அவர் கை கன்னம் வெச்சுத்தான் விடும். பஷீர் வாயைப் பொளந்தவன் மூடவே இல்ல.

ஞாயித்துக்கிழமை காலைல படித்துறை. தண்ணி முழங்காலைக்கூடத் தொடல.

அப்பதான் போன் வந்தது. அவன் கடைக்கு எதிர்ல டீ போடறவர்.

"பாய்... இங்க ஒரே மழை. அடையாத்துத் தண்ணி ரோட்டுக்கு வந்துடுச்சு. உங்க ஷட்டர் பாதிதான் தெரியுது."

ஆத்தைப் பார்க்க நாங்க அங்க போனோம். ஆறு அவனைப் பார்க்க இங்க வந்துடுச்சு.

பஷீருக்கு ஒரு கொள்கை. கண்ணாடி போட்ட படத்தை உயரத்துல வைக்கக் கூடாது, விழுந்தா ஒருத்தன் தலை போயிடும். அதனால வேலை முடிஞ்ச படமெல்லாம் தரையில, சுவத்தோரமா சாஞ்சு நிக்கும்.

தண்ணி வடிஞ்சதும் ஷட்டரைத் தூக்கினோம்... இந்த இடத்துல எனக்கு அளந்து விடத் தோணல. சேறு. கண்ணாடிக்குப் பின்னாடி, முகம் இருந்த இடத்துல எல்லாம் பழுப்புத் தண்ணி.

மத்தவங்க வீட்ல அந்தந்தப் போட்டோவுக்கு வேற காப்பி இருந்தது. சரோஜா அக்காவுக்கு இல்ல.

அக்கா ரயில்வே கேட் பக்கம் இட்லிக்கடை. அவங்க வீட்டுக்காரர் மூட்டை தூக்கறவர், அந்த மாசம்தான் போய்ச் சேர்ந்தார். ஆயுசுல ஒரே தடவை ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்த ஒரே போட்டோ. காரியத்துக்கு மாலை போடணும்னு அதை பாய்கிட்ட கொடுத்திருந்தாங்க. வோட்டர் கார்டு இருந்தது... அதுல இருந்தது முகம் இல்ல, மேகமூட்டம்.

"இன்னா பாய்... வேற வழியே இல்லியா?"

காரியத்தன்னிக்கு சுவத்துல ஆணி மட்டும்தான். அந்த ஆணிக்குத்தான் மாலை போட்டாங்க.

அதுக்கப்புறம் பஷீருக்கு சோறு இறங்கல. ஒருநாள் இட்லிக்கடை முன்னாடி போய் நின்னான்.

"அக்கா, கிளம்புங்க. நீங்க அடையாளம் சொல்லுங்க, அந்த ஓவியர் வரைஞ்சுடுவார்."

மூணு பேரும் மறுபடி திருவையாறு. ஓவியர் பென்சிலைச் சீவிட்டு உக்காந்தார்.

"மூக்கு எப்படிம்மா இருக்கும்?"

"மூக்கு மாதிரிதான்யா இருக்கும்."

"சரி, கண்ணு?"

"கண்ணு..." அக்கா நிறுத்திட்டாங்க.

அவர் நடை தெரிஞ்சது. இருமல் தெரிஞ்சது. பீடிக்கட்டு எந்தப் பாக்கெட்டுன்னு தெரிஞ்சது. முகம் மட்டும் வரல.

"நான் எங்க பாய் அவரு மூஞ்சிய பார்த்தேன்... தட்டுல சோறு கீதான்னு பார்த்துகினே இருந்துட்டேன்."

நான் போய் அசோகா வாங்கிட்டு வந்தேன். யாரும் தொடல. நெய் இலையிலயே உறைஞ்சு போச்சு.

சாயங்காலம் படம் முடிஞ்சது. பழகின கை விடுமா? மூட்டை தூக்கி ஒட்டிப்போன மனுஷனுக்கு வெண்ணெய் தின்ன கிருஷ்ணர் கன்னம்!

அக்கா ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"கன்னம் இப்டி உப்பற அளவுக்கு நான் எங்கய்யா சோறு போட்டேன்?"

சிரிச்சாங்க. நாங்களும் சிரிச்சோம். எங்க சிரிப்பு நின்னுடுச்சு. அவங்களோடது நிக்காம அழுகையா மாறிடுச்சு.

"வேற வரையச் சொல்றேன்க்கா"ன்னான் பஷீர்.

"வேணாம் பாய். கண்ணாலம் கட்டிகினு வந்தப்போ அவரும் தெரியாத ஆளுதானே? பழகிக்கல? இவரையும் பழகிக்கிறேன்."

இப்பவும் அந்தப் படம் இட்லிக்கடையில மாலையோட இருக்கு. புதுசா வர்றவங்க எந்த சாமின்னு கேட்பாங்க. அக்கா, "எங்க வூட்டுக்காரு"ன்னு சொல்லிட்டு சட்னி ஊத்துவாங்க.

பஷீர் கடையில இப்ப படமெல்லாம் சீலிங்ல தொங்குது. உள்ள போறவன் தலைக்கு அல்லாதான் பொறுப்பு. "திருவையாறு போலாமாடா?"ன்னு கேட்டா, முதல்ல வானத்தைப் பார்ப்பான்.

அப்ப ஒரு ஆயுசுக்கு ஒரு போட்டோ. இப்ப என் போன்ல என் மூஞ்சியே கோடிக்கணக்குல... தின்ன பொங்கலுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. அழியவே அழியாதாம்.

போன வாரம் ஹால்ல இருந்தபடியே, சமையக்கட்டுல இருந்த வீட்டம்மாவை விளையாட்டா கேட்டேன்.

"ஏம்மா, திரும்பிப் பார்க்காம சொல்லு. என் மூக்கு எப்படி இருக்கும்?"

ரொம்ப நேரம் குக்கர் மட்டும்தான் பேசிச்சு.